சொந்த வண்டிக்கு டயர் மாத்துறது வெட்டி வேலையா?

"நூத்தம்பது ரூபா கொடுத்தா கடைக்காரர் அரை மணி நேரத்துல மாத்திக் குடுத்துடுவாரு. இதுக்குப் போய் ஒரு காலைப் பொழுதையே வீணாக்கிட்டீங்களே?"

என் பைக்கின் பின் டயரை வீட்டு வாசலில் வைத்து முதல்முறையாக நானே மாற்றினேன் என்று சொன்னதும் சென்னையில் இருக்கும் உறவினர் ஒருவர் கேட்டது இது. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு தப்பு.

நூத்தம்பது ரூபாயையே எடுத்துக்குவோம். உங்கள் தெரு முனையில் ஒரு பஞ்சர் கடை இருக்கும். தென்னேரியில் விடிகாலை ஐந்து மணிக்குப் பால் கேனோடு நிற்கிறவனுக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? வாலாஜாபாத்துக்கோ சுங்குவார்சத்திரத்துக்கோ போகணும். காத்து இறங்கின வண்டியை எப்படிக் கொண்டு போவது? தள்ளணும், இல்லைன்னா ஒரு குட்டியானை பிடிக்கணும். அந்த வாடகை, போன அரை நாள், நவரை நடவுக்கு வந்த ஆட்கள் கழனியில் நாற்றில்லாமல் உட்கார்ந்திருக்கும் கூலி, எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க. எங்களுக்கு பைக் ஊர் சுத்த இல்லீங்க. உர மூட்டையும் நாற்றுக் கட்டும் ஏறுகிற வண்டி அது. பின் டயர்தான் அத்தனை பாரத்தையும் சுமக்குது.

வேலையும் ஒண்ணும் மந்திரம் இல்லை. என்னுடையது கம்பி வைத்த ரிம், டியூப் உள்ள டயர், டிரம் பிரேக். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பிரேக் கம்பியைக் கழற்றி, அச்சு நட்டைத் திருகி, அச்சை உருவினால் சக்கரம் கையோடு வந்துவிடும். செயின் பக்கம் வண்டிக்கு வண்டி மாறும், சிலதில் செயினைத் தொடவே வேண்டாம். வால்பின்னை எடுத்துக் காற்றை முழுசா இறக்கணும்.

அடுத்ததுதான் எல்லாரும் பயப்படுகிற இடம், ரிம்மிலிருந்து டயரைக் கழற்றுவது. டயர் ஓரத்துக்குள்ளே எஃகுக் கம்பி ஓடுகிறது. எவ்வளவு இழுத்தாலும் அது நீளாது, அதனால் பலத்தைக் காட்டிப் பிரயோஜனமில்லை. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. எதிர்ப்பக்கத்து ஓரத்தை முழங்காலால் அழுத்தி அந்தப் பள்ளத்தில் இறக்கிவிட்டால், இந்தப் பக்கம் லிவர் நுழைய இடம் கிடைத்துவிடும். கொஞ்சம் சோப்புத் தண்ணி தடவினால் இன்னும் சுலபம். புது டியூபைப் போடும்போது அதில் லேசாகக் காற்று இருக்கணும், அப்போதுதான் லிவர் அதைக் கடிக்காது. டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் முன்னே சுழலும் திசையைப் பார்த்து இருக்கணும். எனக்கு இரண்டரை மணி நேரம் ஆச்சு. அடுத்த தடவை ஒன்றரை மணி நேரத்தில் முடிப்பேன்.

அந்த இரண்டரை மணி நேரம் வீண் போகவில்லை. டயரைக் கையில் எடுத்தால்தான் அதில் எழுதியிருப்பதைப் படிக்கத் தோன்றும். 2.75-18 என்றால் இரண்டே முக்கால் அங்குல அகலம், பதினெட்டு அங்குல ரிம். பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 1419 என்று இருந்தால் 2019-ஆம் வருஷம் பதினாலாவது வாரத்தில் செய்த டயர். பட்டைக்குள்ளே சின்ன மேடுகள் இருக்கும், ரப்பர் தேய்ந்து அவற்றுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரை மாற்றியாகணும். இதையெல்லாம் உங்களில் எத்தனை பேர் குனிந்து பார்த்திருக்கீங்க? 2022-இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு நாற்பத்து நாலு பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். எல்லாம் டயரால் வந்த சாவு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரோட்டுக்கும் நமக்கும் நடுவில் இருப்பது உள்ளங்கை அகல ரப்பர்தான். அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு வேடிக்கை பாருங்க. எங்க ஊரிலிருந்து கொஞ்ச தூரம் போனால் ஒரகடம். அங்கே டயர் கம்பெனி இருக்கு, பைக் கம்பெனி இருக்கு. பக்கத்திலேயே வல்லம் வடகாலில் இன்னும் பைக் கம்பெனிகள். உலகத்துக்கே இங்கேயிருந்து வண்டி போகுது. எங்க ஊர்ப் பையன்கள் கம்பெனி பஸ் ஏறிப் போய், ஷிப்டு முழுக்க ஒரே நட்டை முறுக்கிவிட்டு வருகிறார்கள். அப்படி ஒரு தம்பி, தன் வண்டி பஞ்சரானால் என்னைக் கூப்பிடுகிறான். அவன் மேல் தப்பில்லை. ஒரு முழு வேலையை ஐம்பது துண்டாக நறுக்கி, ஒரு துண்டை மட்டும் அவன் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

இதே காஞ்சிபுரம் பக்கம் தறியில் உட்காருகிறவரைப் பாருங்க. அறுந்த இழையை அவரே முடிவார். தறியின் சத்தம் மாறினால் எங்கே கோளாறு என்று காதாலேயே கண்டுபிடிப்பார். மாட்டு வண்டி இருந்த காலத்தில் கடையாணியைப் பிடுங்கிச் சக்கரத்தை உருவி, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு மை போடத் தெரியாத வண்டிக்காரர் உண்டா? உடையவனுக்குத் தன் பொருளைத் திறக்கத் தெரியும் என்பது அன்றைக்குச் சாதாரணம். இன்றைக்கு அது அதிசயம். "கிராமத்துக்காரங்களுக்கு எல்லா வேலையும் தெரியும்" என்று முகநூலில் எழுதுகிறீர்களே, தயவுசெய்து நிறுத்துங்க. எங்ககிட்ட இருந்தும் அது போய்க்கிட்டுத்தான் இருக்கு.

தானாகப் போகலைங்க. நான் முன்னே வைத்திருந்த வண்டியோடு ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், பிளக் ஸ்பானர் எல்லாம் ஒரு பையில் வந்தது. இப்போதைய வண்டியோடு வந்ததை வைத்து அச்சு நட்டைத் தொடக்கூட முடியாது. கூட வந்த புத்தகத்தில் எதைக் கேட்டாலும் சர்வீஸ் சென்டருக்குப் போ என்றுதான் இருக்கு. கார் விஷயத்தில் இது சட்டப்படியே தப்பு என்று ஆகிவிட்டது. உதிரிபாகங்களும் பழுது பார்க்கும் விவரங்களும் வெளிக்கடைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. 2022 ஜூலையில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதில் விவசாயக் கருவிகளும் வண்டிகளும் சேர்த்தி. அந்த டிசம்பரிலேயே அதற்கென்று இணையதளமும் திறந்தார்கள். நல்லதுதான். ஆனால் இணையதளத்தை வைத்து நட்டைக் கழற்ற முடியாதே! வண்டியோடு அந்த வண்டியின் சக்கரத்தைக் கழற்றுகிற ஸ்பானரைக் கொடு, கழற்றும் முறையைத் தமிழில் அச்சடித்துக் கொடு. லட்ச ரூபாய்க்கு வண்டி விற்கிறவனுக்கு இது பெரிய செலவா?

"எல்லாரும் வீட்டிலேயே மாத்திக்கிட்டா பஞ்சர் கடைக்காரர் பிழைப்பு என்னாவது?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. அவர் பிழைப்பைக் கெடுக்கப்போவது நானும் என் இரண்டு லிவரும் இல்லை. டயரும் டியூபும் அவரிடம்தான் வாங்கினேன். டயரோட மல்லுக்கட்டினவனுக்குத்தான் அவர் தோளும் முதுகும் படும் பாடு தெரியும். அவன் இருபது ரூபாய்க்குப் பேரம் பேச மாட்டான்.

எல்லாத்தையும் நீங்களே செய்யுங்க என்றும் சொல்லவில்லை. டியூப் இல்லாத டயர் ரிம்மை இறுக்கிப் பிடித்திருக்கும், அதற்கு மெஷின் உள்ள கடைக்குப் போங்க. முதல் தடவை மாற்றினால், தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டு அச்சு நட்டு, பிரேக், செயின் இறுக்கம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்க. தெரியாததைத் தெரியாது என்று வைப்பதும் தொழில் அறிவுதான். ஆனால் உனக்கு எதுவுமே தெரிய வேண்டாம், காசை மட்டும் கொடு என்பதை ஒத்துக்கொள்ளாதீங்க. விதையில் ஒரு தடவை ஒத்துக்கொண்டோம். வீட்டுக் குதிரில் எடுத்து வைத்ததை இப்போது ஒவ்வொரு பட்டத்துக்கும் பாக்கெட்டில் வாங்குகிறோம்.

இதைப் படித்து முடித்ததும் கீழே இறங்கிப் போய் உங்கள் வண்டியின் பின் சக்கரத்து நட்டைப் பாருங்க. அதற்கு எந்த அளவு ஸ்பானர் வேணும், அந்த ஸ்பானர் உங்கள் வண்டியில் இருக்கா என்று பாருங்க. இல்லைன்னா, வண்டி வாங்கின கடையில் போய் ஏன் இல்லைன்னு கேளுங்க.