மயிர்வேரில் எழும் கட்டி

தோலின் மேல் பயறளவாய் ஒரு கட்டி எழுந்தால், "கொழுப்புக் கட்டிதானே" என்று வாளாவிருப்பது நம்மவர் வழக்கம். பெரும்பாலும் அவ்வெண்ணம் பிழைபடுவதில்லை. எனினும், சாதுக்கள் கூட்டத்திற் கள்வன் ஒருவனும் கலந்திருத்தல் கூடும்.

மயிர் முளைக்கும் நுண்ணிய குழியின் அடியிலுள்ள கலங்கள் ஓயாது பிரிந்து பெருகுவதாலேயே மயிர் வளர்கின்றது. அங்கிருந்து எழும் கட்டியொன்றை 1880ஆம் ஆண்டில் மலேர்ப், செனந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் விவரித்தனர். அது நெய்ச்சுரப்பியிற் பிறப்பதென்றே அவர்கள் கருதினர். மயிரை ஆக்கும் கலங்களே அதன் பிறப்பிடம் என்பதைக் கொண்டு, 1961இல் போர்பிஸ், ஹெல்விக் என்போர் அதற்குப் பைலோமேற்றிக்சோமா எனப் பெயரிட்டனர். சிறுவரின் முகத்திலும் கழுத்திலும் பெரிதும் காணப்படும் அக்கட்டி, சுண்ணாம்புச் சத்துப் படிதலாற் கல்லெனக் கடினமாயிருக்கும், தீங்கற்றது.

இதே இனத்தில் மிக அரிதாய்த் தோன்றும் புற்றுநோயை 1980இல் லொபன்ஸ்ரி, மிம் என்போர் விவரித்தனர். நடுவயது கடந்த ஆடவரையே அது பெரிதும் பற்றும். இடர் யாதெனில், புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே காணப்படும். கரு மறைந்த "நிழற்கலங்கள்" இரண்டிலும் உண்டு. பீற்றா-கற்றெனின் என்னும் புரதத்திற்குரிய மரபணுப் பிறழ்வும் இரண்டிலும் காணப்படுவதால், அச்சோதனை மாத்திரம் இவற்றைப் பிரித்தறியப் போதாது.

"கலங்கள் விரைந்து பிரிவதைக் கொண்டு புற்றுநோயென்று கூறலாகாதோ?" என மாணவர் வினவலாம். ஆகாது. மயிரை ஆக்கும் கலங்களுக்கு விரைந்து பிரிதல் இயல்பு. தீங்கற்ற கட்டியிலும் அதனைக் காணலாம். ஆகவே நிபுணர் கட்டியின் எல்லையை உற்று நோக்குகின்றார். மெழுகிற் பதித்து, ஒரு மில்லிமீற்றரை 1000 கூறாக்கி அவற்றுள் 4 அல்லது 5 கூறளவு தடிப்பாய்ச் சீவி, சாயமூட்டி, நுணுக்குக்காட்டியில் ஆராய்கின்றார். கட்டி தன் வரம்புக்குள் அடங்கியுள்ளதா, அயல் இழையங்களை ஊடுருவியுள்ளதா, இரத்தக் குழாய்களுட் புகுந்துள்ளதா என்பனவே அவர் தேடும் விடைகள். சிறு துண்டொன்றில் எல்லை முழுவதும் புலப்படாது; கட்டியை விளிம்போடு முழுமையாய் அகற்றி அனுப்புவதன் காரணம் இதுவே.

ஆதலால், அன்பர்களே, அகற்றிய கட்டி கடுகளவே ஆயினும் அதனைக் குப்பைக்கு அனுப்ப விடாதீர்கள். "பரிசோதனைக்கு அனுப்பினீர்களா?" என வைத்தியரிடம் பணிவுடன் கேளுங்கள், அறிக்கையைப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். அதே இடத்தில் மீண்டும் கட்டி எழுமாயின், அவ்வறிக்கையுடன் காலந்தாழ்த்தாது வைத்தியரை நாடுங்கள்.