ஆளைச் சுடாத அங்கதம்

கோச்சடை என்னும் ஊர்ப்பெயரைச் சொல்லும்போதெல்லாம், 8ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டை ஆண்ட கோச்சடையன் ரணதீரனின் பெயர் நினைவுக்கு வருகிறது. அம்மன்னன் செய்த போர்களை இன்று வைகைக் கரையில் எத்தனை பேர் அறிவர்? ஆயினும் பெயரின் ஒலி மட்டும் பேருந்தின் பலகையிலும் அஞ்சல் முகவரியிலும் உலவிக்கொண்டிருக்கிறது. மனிதன் மறைந்த பின்னும் பெயர் நிற்கும். எப்படி நிற்கும் என்பதே கேள்வி.

நல்ல பெயரைவிடப் பட்டப்பெயருக்கு ஆயுள் அதிகம். திருமுழுக்கின்போது அந்தோணி என்று பெயர் பெற்றவனை ஊரார் வேறொரு பெயரால் அழைக்கின்றனர். அவனுடைய நடையையோ, நாவையோ, என்றோ ஒருநாள் செய்த பிழையையோ சுட்டிப் பிறந்த பெயர் அது. நாளடைவில் அவன் மகனுக்கும் பேரனுக்கும் அதுவே அடைமொழியாகிவிடுகிறது. முதலில் ஏளனம் செய்தவன் யார் என்பதை ஊர் மறந்துவிடும். ஏளனப் பெயரை மட்டும் மறவாது.

ஏளனம் முழுவதும் தீது என்பதன்று என் கருத்து. தமிழிலக்கணம் அதற்கு மதிப்புள்ளதோர் இடத்தை அளித்திருக்கிறது. அங்கதம் என்று அதற்குப் பெயர். வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். பழியை மறைத்து வைத்துக் கூறுவது பழிகரப்பு அங்கதம். தொல்காப்பியர் காலத்திலேயே இவ்விரு வகையும் உணரப்பட்டிருந்தன. இவற்றுள் எது நல்ல பெயரை விட்டுச் செல்கிறது என்பதே இம்மாதச் சிந்தனை.

அங்கதக் கவிதையைத் தமக்கே உரிய சொத்தாகக் கருதியவர்கள் உரோமையர். அவர்களுள் கடுமைக்குப் பேர்போனவர் 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய யுவெனாலிஸ். இளமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நாம் வழங்கும் யுவன், யுவதி என்னும் வடசொற்களும் அதே மொழிக் குடும்பத்தில், அதே வேரிலிருந்து கிளைத்தவையே. அவரது ஊர் அக்குவீனும் என்பது மரபு. பல நூற்றாண்டுகளுக்குப் பின் புனித தோமா அக்குவீனாரின் குலத்துக்குப் பெயர் தந்ததும் அவ்வூரே.

யுவெனாலிஸ் எழுதிய 16 அங்கதப் பாடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. செல்வன் தன் பந்தியிலேயே ஏழை விருந்தாளிக்கு மட்டமான உணவைப் போட்டு அவமதிப்பதையும், இடிந்து விழும் வாடகை வீடுகளில் எளியோர் உயிருக்கு அஞ்சி உறங்குவதையும் அவர் காட்டும்போது நம் நெஞ்சும் கொதிக்கிறது. ஆனால் அதே கோபம் பெண்களின்மீதும், பிழைப்புத் தேடி உரோமைக்கு வந்த வேற்று நாட்டார்மீதும் வரம்பின்றிப் பாய்கிறது. பெயர் சொல்லித் தாக்குவதன் ஆபத்தையும் அவர் அறிந்தே இருந்தார். நெடுஞ்சாலையோரக் கல்லறைகளில் உறங்கும் இறந்தோரையே தாக்கப்போவதாக முதற் பாடலிலேயே கூறிவிடுகிறார். உயிரோடிருப்பவன் வழக்காடுவான், இறந்தவன் என்ன செய்வான்?

இவ்வளவு எழுதியவரின் சொந்த வாழ்க்கையைப்பற்றி உறுதியாகத் தெரிந்தது மிகவும் சொற்பம். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்றும் ஐரோப்பிய இலக்கியத்தில் கசப்பும் கடுஞ்சினமும் மிக்க அங்கதத்துக்கு அவர் பெயராலேயே அடைமொழி வழங்குகிறது. புன்னகையோடு திருத்தும் மென்மையான அங்கதத்துக்கோ, அவருக்கு முன் வாழ்ந்த ஒராசியூஸ் என்னும் புலவரின் பெயர் வாய்த்தது. மேலும் ஒன்று: 4ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் நார்னி நகருக்கு முதல் ஆயராக விளங்கிய புனிதரின் பெயரும் யுவெனாலிஸ்தான். அந்நகரார் இன்றும் அவரைப் பாதுகாவலராகப் போற்றுகின்றனர். பெயர் ஒன்றே, ஒருவரிடத்தில் அது கசப்பின் முத்திரையாயிற்று, மற்றவரிடத்தில் அடைக்கலமாயிற்று.

நம் நாட்டிலும் இத்தகையோர் உண்டு. காளமேகப் புலவரின் இயற்பெயர் வரதன் என்றும், கார்மேகம்போல் கவிமழை பொழிந்ததால் அப்பெயர் வந்ததென்றும் வழிவழியாகக் கூறுவர். சினம் கொண்டு திருமலைராயன்பட்டினத்தில் மண்மழை பொழியுமாறு அவர் பாடிய கதையைப் பாட்டிமார் அறிவர். அவருடைய சிலேடைகள் கற்றோரை மகிழ்விக்கின்றன. ஆயினும் அவர் பெயரைக் கேட்டதும் வசை என்னும் சொல்லே முதலில் நினைவில் எழுகிறது.

நிற்க. நமது மதுரை மிஷனில் உழைத்த வீரமாமுனிவரிடம் இப்போது வருவோம். இத்தாலியின் கஸ்திலியோனே நகரில் 1680இல் பிறந்து, சேசு சபையில் சேர்ந்து, 1711இல் தமிழகம் வந்தவர் அவர். இயற்பெயர் கொன்ஸ்தான்சோ ஜுசேப்பே பெஸ்கி. முதற்பெயர் மன உறுதியைக் குறிப்பதால் தைரியநாதர் எனத் தமிழாயிற்று. இரண்டாம் பெயர் சூசை. அப்புனிதரைத் தலைவராகக் கொண்டே அவர் தேம்பாவணி பாடினார். வீரமாமுனிவர் என்னும் பெயரைத் தமிழ் மக்கள் மனமுவந்து வழங்கினர். 1968இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, அப்பெயருடன் மெரினாக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது.

அவர் இருவகை அங்கதமும் அறிந்தவர். தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை எதிர்த்து அவர் எழுதிய நூல்கள் உண்டு. அவற்றுள் ஒன்றின் பெயர் லுத்தேரினத்தியல்பு. பெயரிலேயே எதிரி இன்னாரென்று சுட்டிக் காட்டும் நூல் அது. அந்தக் காலத்துச் சமயப் போரின் சூடு அதில் தெரிகிறது. இன்று அதனைப் புரட்டுவோர் ஆராய்ச்சியாளர் மட்டுமே. அதே தரங்கம்பாடி மிஷனின் அச்சகத்தில்தான், பேச்சுத் தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் அச்சாயிற்று! ஒருவரையொருவர் மறுத்து எழுதிய இரு தரப்பாரும் தமிழின் முன்னே அவ்வளவேனும் இணைந்தனர். வசை பிரித்ததை அறிவு சேர்த்தது என்று இதனைக் கூறலாம்.

அவருடைய இன்னொரு நூல் பரமார்த்த குருவின் கதை. தமிழ் கற்போருக்கு உதவும் வண்ணம் எளிய உரைநடையில் எழுதி, தாமே இலத்தீனிலும் பெயர்த்து வைத்தார். 1822இல் பாபிங்டன் என்பவர் அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் வெளியிட்டார். 1826இல் துபுவா குருவானவரின் முயற்சியால் பிரெஞ்சிலும் வந்தது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என ஐந்து சீடர்கள்; அவர்களுக்கேற்ற ஒரு குரு. ஆறு உறங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்ப்பார்கள். குதிரை முட்டை என்று பூசணிக்காயை வாங்குவார்கள். இந்தக் கதைகளைக் கேட்டுச் சிரிக்காத தமிழ்ச் சிறுவர் உண்டோ?

இந்து சமயக் குருமாரை இகழவே இதனை எழுதினார் என்போர் உண்டு. அவர் உள்ளத்தை அளக்க நாம் யார்? நூலைப் பார்த்தால், எந்த மடத்தின் பெயரும் எந்த மனிதரின் பெயரும் அதில் இல்லை. குருவின் பெயர் மெய்ப்பொருள் என்று பொருள்படும். சீடர் பெயர்கள் அறியாமையைக் குறிப்பவை. ஆகவே அந்தச் சட்டை எவருக்கும் பொருந்தும். தன்னைச் சுற்றியிருப்போர் சொல்வதையெல்லாம் நம்பும் தலைவனுக்குப் பொருந்தும். சிந்தியாமல் தலையாட்டும் தொண்டனுக்குப் பொருந்தும். அங்கி அணிந்து பீடத்தில் நிற்கும் எங்களுக்கும் பொருந்தும். அதனால்தான் பரமார்த்த குரு என்பது ஒரு மனிதனின் பெயராக நில்லாமல், தமிழ் மொழியின் பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டது. அப்பெயரால் எந்தக் குடும்பமும் தலைகுனியவில்லை.

திருமறையிலும் இம்முறையைக் காண்கிறோம். உரியாவின் மனைவியைக் கவர்ந்த தாவீதிடம் நாத்தான் இறைவாக்கினர் சென்றபோது, முதலில் அரசன் பெயரைச் சொல்லவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொன்னார். கதை கேட்டுக் கொதித்த அரசன் தானே தீர்ப்பையும் கூறினான். அதன் பின்பே நாத்தான் அவனைச் சுட்டிக் காட்டினார், அதுவும் நேருக்கு நேராக, முதுகுக்குப் பின்னால் அன்று. தாவீது அழிந்து போகவில்லை, மனம் திரும்பினான். குற்றத்தைச் சுட வேண்டும், ஆளைச் சுடலாகாது. நாத்தானின் அங்கதம் அந்த வேலையைத்தான் செய்தது.

நம் இல்லங்களுக்கு இது தேவையான பாடம். கணக்கில் தவறிய மகனை மட்டி என்று தந்தை ஒருநாள் கோபத்தில் அழைக்கிறார். தங்கை அதைப் பிடித்துக்கொள்கிறாள். பள்ளித் தோழர் எடுத்துக்கொள்கின்றனர். தெரு முழுவதும் பரவுகிறது. தந்தையின் கோபம் ஒரு நாழிகையில் தணிந்துவிட்டது. மகன் அப்பெயரை வாழ்நாளெல்லாம் சுமக்கிறான். சகோதரனை மூடன் என்று இகழ்வதை நம் ஆண்டவர் மலைப்பொழிவில் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். திருமுழுக்கின்போது இறைவன் திருமுன் சொல்லப்பட்ட பெயரை அழித்து, அதன்மேல் வேறு பெயரை எழுத நமக்கு உரிமை ஏது?

சிரிக்க வேண்டாம் என்பதன்று. பிள்ளைகளுடன் அமர்ந்து பரமார்த்த குருவின் கதையை உரக்கப் படியுங்கள். வயிறு குலுங்கச் சிரியுங்கள். ஆற்றைக் கடந்த பின் தங்களை எண்ணிப் பார்க்கும் கட்டத்தில் மட்டும் சற்று நிறுத்துங்கள். குருவும் சீடரும் சேர்ந்து ஆறு பேர். எண்ணுகிற ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு மற்றவரை மட்டுமே எண்ணுகிறான். எப்போதும் ஐந்தே வருகிறது. ஒருவனை ஆறு கொண்டுபோயிற்றே என்று அழுகிறார்கள். ஊரிலுள்ள மூடரையெல்லாம் விரல்விட்டு எண்ணும்போது நாமும் செய்வது அதுவே. அந்தக் கணக்கைத் தன்னிடமிருந்து தொடங்குகிறவனுடைய நாவில் பிறர் பெயர் கெடாது.