ஒரு ஆளுக்கு ரெண்டு நாற்காலியா?



ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வைக்காதேன்னு பெரியவங்க சொல்வாங்க. நம் அரசியல் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. எம்.பி.யாக இருப்பவர் அரசாங்கத்தின் கீழ் 'ஆதாயம் தரும் பதவி' வகித்தால் எம்.பி. பதவி போயிடும். இது 102-வது பிரிவு. எம்.எல்.ஏ.வுக்கு 191-வது பிரிவு. அமைச்சர் பதவிக்கும், சட்டம் போட்டு விலக்கு தந்த பதவிகளுக்கும் இது பொருந்தாது.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? அரசாங்கத்தைக் கேள்வி கேட்பதுதான் உறுப்பினரின் வேலை. அதே அரசாங்கம் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கேட்பார்?

2006-ல் மாநிலங்களவை உறுப்பினர் ஜெயா பச்சன் பதவி இழந்தார். உத்தரப்பிரதேச திரைப்பட வளர்ச்சிக் கழகத் தலைவராகவும் அவர் இருந்ததுதான் காரணம். "நான் சம்பளமே வாங்கலையே!" என்பது அவர் வாதம். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பணம் வாங்கினாரா என்பது கேள்வி இல்லை. அந்தப் பதவி பணம் தரக்கூடியதா என்பதுதான் கேள்வி என்றது. அதே மார்ச் மாதம் சோனியா காந்தி எம்.பி. பதவியை ராஜினாமா செய்து, மே மாதம் ரேபரேலியில் மறுபடி நின்று ஜெயித்தார்.

அப்புறம் என்ன நடந்தது? விலக்குப் பட்டியலை நீளமாக்கி, அதுவும் முன்தேதியிட்டு, ஒரு மசோதா வந்தது. நம்ம ராமேஸ்வரத்து அப்துல் கலாம் அப்போது ஜனாதிபதி. எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அதையே மாற்றாமல் மறுபடி நிறைவேற்றியது. இரண்டாவது முறை மறுக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் இல்லை. ஆகஸ்டில் கையெழுத்திட்டார்.

என் கருத்து இதுதான். ஆளைப் பார்த்து விதி எழுதினால் அது விதி இல்லை, சலுகை. விளையாட்டு ஆரம்பிச்ச பிறகு கோட்டை மாத்தினா நாம ஒத்துப்போமா?

நம் பள்ளிக்கும் இது பொருந்தும். மாணவர் தலைவரே விளையாட்டுப் பொருள் அறைக்கும் பொறுப்பு என்றால், பந்து காணாமப் போனா யார் யாரைக் கேட்பது? அவர் நல்லவராகவே இருக்கட்டும். கேட்க ஆள் வேணுமே! அதனால், யார் நிற்கப் போறாங்கன்னு தெரியறதுக்கு முன்னாடியே "ஒருவருக்கு ஒரு பொறுப்பு" என்று எழுதி ஒட்டிவிடுவோம். எல்லோருக்கும் வாய்ப்பும் கிடைக்கும்.

சிந்திப்போம்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி