"வரை" என்ற சின்ன எழுத்து

நோன்பு பாதி கழிந்துவிட்டால் போதும், புறக்கோட்டையிலும் காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் கடைத்தெருக்கள் எல்லாம் ஒரே நிறமாகிவிடுகின்றன. சிவப்புப் பதாகை, மஞ்சள் எழுத்து, நடுவே ஆள் உயரத்துக்கு 70 என்ற இலக்கம். அந்த எழுபதின் காலடியில், மூக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவில், "வரை" என்று ஒரு சொல் ஒளிந்திருக்கும்.

30 வருடங்களுக்கு மேலாகப் புடவை வியாபாரத்தில் இருப்பவன் நான். ஆகவே இந்த எழுபது வீதத்தின் கணக்கை வாசகர்களுக்குச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். சக வியாபாரிகள் என்னோடு கோபித்துக் கொண்டாலும் பரவாயில்லை.

ஒரு சல்வார் உடுப்பின் கொள்விலை 2,200 ரூபா என்று வைத்துக் கொள்ளுங்கள். ஷஃபான் மாதம் வரை அது 3,000 ரூபாவுக்கு விற்பனையானது. றமழான் வந்ததும் அதில் 6,000 ரூபா என்று ஓர் அட்டை தொங்கும். அதைச் சிவப்புப் பேனையால் வெட்டி 3,000 என்று எழுதுவார்கள். ஐம்பது வீதக் கழிவு! வாங்குகின்றவர் 3,000 ரூபா மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் போகிறார். கடைக்காரருக்கு ஒரு சதமும் குறையவில்லை. சரி, எழுபது வீதம் எங்கே என்று கேட்டால், கடையின் கடைசி மூலையில் ஒரு பெட்டியைக் காட்டுவார்கள். முந்திய வருடத்துச் சரக்கு, ஒற்றை அளவு, நிறம் வெளுத்தது. அந்தப் பெட்டிக்காகத்தான் அவ்வளவு பெரிய பதாகை.

இதைக் கேட்டால் நம்மவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான். "நாங்கள் பொய் சொல்லவில்லையே, 'வரை' என்று போட்டிருக்கிறோமே." அப்படியானால் அந்த "வரை"யையும் எழுபதின் அளவிலேயே எழுதுங்கள் பார்ப்போம். எழுத மாட்டார்கள். எழுதினால் ஆள் வராது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் தானியக் குவியல் சம்பவத்தை நாம் ஜும்ஆக்களில் பல தடவை கேட்டிருக்கிறோம். சந்தையில் இருந்த ஒரு குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது அடியில் ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி சொன்னார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். அந்த வியாபாரி தன் தானியம் காய்ந்தது என்று வாயால் சொன்னதாக அந்த அறிவிப்பில் இல்லை. எதை மேலே வைப்பது, எதைக் கீழே வைப்பது என்பதிலேயே விடயம் இருந்தது. அக்காலத்தில் குவியலின் மேற்பக்கம்தான் விளம்பரம். இன்று பதாகை. எழுபதை மேலே வைத்து "வரை"யைக் கீழே வைப்பதும் அதே வேலைதான்.

மார்க்கத்தை விடுங்கள், நாட்டுச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பாவனையாளரைப் பிழையாக வழிநடத்தும் நடத்தையை மட்டுமல்ல, அப்படி வழிநடத்தக்கூடிய நடத்தையையும் தடை செய்கிறது. "எவரும் ஏமாறவில்லையே" என்பது அங்கே பதிலாகாது. ஆனால் நான் கண்ட வரையில், சோதனைக்கு வரும் உத்தியோகத்தர்கள் அரிசி, சீனி விலையையும் காலாவதித் திகதியையும்தான் பார்க்கிறார்கள். வாசலில் தொங்கும் பதாகைக்குக் கீழே குனிந்துதான் உள்ளே வருகிறார்கள், அதை வாசிப்பதில்லை.

நட்டம் யாருக்கு? சீட்டுப் போட்டுச் சேர்த்த 15,000 ரூபாவோடு நான்கு பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பு எடுக்க, இரண்டு பஸ் மாறி வரும் தாய்க்குத்தான் முதல் நட்டம். பதாகையை நம்பி வந்தவர், உள்ளே விலையைக் கண்டு திரும்பிப் போகவும் முடியாது. பஸ்ஸுக்குக் கொடுத்த காசை யார் தருவது? இரண்டாவது நட்டம் பக்கத்துக் கடைக்காரருக்கு. 3,000 ரூபாச் சாமானை 3,000 என்றே எழுதி வைத்திருக்கும் அவரை விலை கூடியவர் என்று சனம் நினைக்கிறது. இரண்டு பெருநாள் பொறுத்துப் பார்ப்பார். மூன்றாவது பெருநாளுக்கு அவரும் சிவப்புப் பதாகை அடிக்கக் கொடுத்துவிடுவார். ஒரு வரிசையில் ஒருவர் ஆரம்பித்தால் பத்துப் பேர் கெடுவது இப்படித்தான்.

விளம்பரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. என்னிடம் என்ன இருக்கிறது, என்ன விலை என்று சொல்லாமல் வியாபாரம் எப்படி நடக்கும்? வீதத்தை எழுதாமல் விலையை எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தெருவும் ஒரு விடயம். கடையின் உட்சுவர் நம்முடையது. மின்கம்பமும் பாடசாலை மதிலும் நம்முடையவை அல்ல. பாதசாரிக் கடவைப் பலகையை மறைத்துக் கட்டிய பெருநாள் வாழ்த்துப் பதாகைகளைப் பார்த்திருக்கிறேன். வாழ்த்து ஒரு வரி, கடைப் பெயர் நான்கு வரி. முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலிலும் ஜனாஸா வீட்டருகிலும் மலிவு விற்பனை கூவிச் செல்கிறார்கள். 2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, அதற்கு வழிவகுத்தது ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி பற்றிய வழக்கு. அதிலிருந்து நாம் படித்திருக்க வேண்டும்.

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் கையில் உம்ராத் துண்டுப்பிரசுரம். "ஹரமுக்கு நடை தூரம்" என்று இருக்கும். இருபது வயதுப் பிள்ளையின் நடையா, முழங்கால் வருத்தமுள்ள எழுபது வயது உம்மாவின் நடையா? ஹோட்டலின் பெயர், எத்தனை மீற்றர், ஓர் அறையில் எத்தனை பேர், இம்மூன்றும் எழுதப்படாத பிரசுரத்தைப் பள்ளிவாசல் வாசலில் கொடுக்க நிர்வாகம் இடமளிக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2022 மே மாதம் முதல் ஒரு விதி நடைமுறையில் உள்ளது. விலை குறைத்ததாக அறிவிக்கும் கடை, பழைய விலை என்று காட்ட வேண்டியது முந்திய 30 நாட்களில் அது விற்ற ஆகக் குறைந்த விலையை. நமது ஊர் வர்த்தக சங்கங்கள் இதைத் தாமாகவே ஏற்றுக்கொள்ள எந்தச் சட்டமும் தடையில்லை. இதை நான் பேசிய இடமொன்றில் ஒருவர், "அடுத்த ஊர்க்காரன் செய்யாவிட்டால் நமது சனம் அங்கேதானே போகும்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் பக்கத்துப் பக்கத்து ஊர்ச் சங்கங்கள் ஷஃபானுக்கு முன்பே ஒன்றாக அமர்ந்து பேச வேண்டும் என்கிறேன். அதுவரை வாசகர்கள் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். பதாகையையும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக் கொள்ளுங்கள். அதிகார சபையின் முறைப்பாட்டு இலக்கம் 1977.