எழுத்துக்கு நிறம் உண்டு, பிரெஞ்சு வகுப்பில் அதை யார் கேட்பது?

சேதராப்பட்டு என்றதும் பாண்டிக்காரர்களுக்கு தொழிற்பேட்டைதான் ஞாபகம் வரும். அந்த ஊரிலிருந்து தினமும் பஸ் பிடித்து பிரெஞ்சு வகுப்புக்கு வரும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தேர்வில் 'கடல்' என்பதற்கு பிரெஞ்சுச் சொல் கேட்கிறார்கள். 'லா மேர்' என்று பெண்பாலாக எழுத வேண்டும். அவள் 'ல மேர்' என்று ஆண்பாலாக எழுதிவிட்டாள். மார்க் போச்சு. "படிக்கவே இல்லையா?" என்று திட்டு வேறு.

படித்தாள். பிரச்சினை அதுவல்ல. ஆண்பால் சொல்லை நீலத்திலும் பெண்பால் சொல்லை சிவப்பிலும் எழுதிப் பழக்குவது பிரெஞ்சு வகுப்புகளில் பலர் கையாளும் உத்தி. இவளுக்கோ, நினைவு தெரிந்த நாளிலிருந்து 'எம்' என்ற எழுத்து நீலம்! போர்டில் சிவப்பு, மனசுக்குள் நீலம். எதை நம்புவாள்?

இதற்குப் பெயர் சினஸ்தீசியா. தமிழில் புலன்கலப்பு எனலாம். எழுத்தைப் பார்த்தால் நிறம், இசையைக் கேட்டால் வடிவம் என்று ஒரு புலனைத் தொட்டால் இன்னொன்று தானாகவே விழித்துக்கொள்ளும். இது நோய் அல்ல, பைத்தியமும் அல்ல. 'தேன் குரல்' என்று நாம் சொல்வது உவமை. இவர்களுக்கு நிறம் உவமை அல்ல, நிஜ அனுபவம். 2006-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வின்படி, நூற்றில் நாலு பேருக்கு ஏதோ ஒரு வகை புலன்கலப்பு உண்டு. எழுத்தில் நிறம் காண்பவர்கள் நூற்றுக்கு ஒருவர். நம் பள்ளிகளிலும் ஏறக்குறைய இதே கணக்கென்றால், ஐம்பது பேர் வகுப்பில் இரண்டு பேர்!

இந்தத் துறையில் பெரிய பெயர் ஒரு தமிழர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து கலிபோர்னியா போன வி.எஸ்.ராமச்சந்திரன். 2001-ல் எட்வர்ட் ஹப்பார்டுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, புலன்கலப்பு கற்பனையல்ல, மூளையில் நடப்பது என்று வாதிட்டது.

சரி, வேற்று மொழி படிக்கும்போது என்ன ஆகிறது? ஜெர்மனி ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வு சுவாரசியமானது. புலன்கலப்பு உள்ளவர்களுக்கு கிளகோலித்திக் என்ற பழைய ஸ்லாவிய எழுத்துகளைக் கொடுத்து எழுதிப் பழகச் சொன்னார்கள். பத்தே நிமிடப் பயிற்சியில், தெரிந்த எழுத்தின் நிறம் புது எழுத்துக்கும் வந்துவிட்டது. அதாவது, புது மொழிக்குள் இவர்கள் வெறுங்கையோடு நுழைவதில்லை. பழைய வண்ணப்பெட்டியையும் தூக்கிக்கொண்டுதான் போகிறார்கள்.

அந்தப் பெட்டி உதவவும் செய்யும். பிரெஞ்சில் எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று. 'பாரி' என்று உச்சரிக்கும் ஊர்ப் பெயரின் கடைசியில் ஊமையாக ஒரு 'எஸ்' உட்கார்ந்திருக்கும். எழுத்தோடு நிறம் ஒட்டியிருப்பவருக்கு, அந்த 'எஸ்' விட்டுப்போனால் ஒரு நிறம் குறைகிறதே என்று உடனே உறுத்தும். கேட்காத எழுத்தைக் கண் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் அதே பெட்டி இடறியும் விடும். மனசில் உள்ள நிறமும் அச்சிட்ட நிறமும் மோதினால், அச்சில் உள்ள நிறத்தைச் சொல்ல இவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்பதைச் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நீலம்-சிவப்பு உத்தி மற்ற நாற்பத்தெட்டு பேருக்கு ஊன்றுகோல். இவளுக்கு அதுவே தடைக்கல்.

இன்னொரு பக்கம், புலன்கலப்பு என்றாலே மேதை என்று தூக்கிவைப்பதும் தப்பு. டேனியல் டாமெட் 2004-ல் ஒரே வாரத்தில் ஐஸ்லாந்து மொழி கற்றார் என்பது உண்மைதான். ஆனால் அவர் அபூர்வ நினைவாற்றல் கொண்டவர். எல்லாரிடமும் அதை எதிர்பார்த்தால், திட்டு வாங்கியவளுக்கு இன்னொரு சுமைதான் மிச்சம்.

பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனாலும், பாண்டியில் பிரெஞ்சு தங்கிவிட்டது. இத்தனை பேர் படிக்கும் ஊரில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. காசு செலவும் கிடையாது. வருடத்தின் முதல் வகுப்பில் ஒரே ஒரு கேள்வி: "யாருக்காவது எழுத்தில் நிறம் தெரிகிறதா?" கை தூக்குபவரைப் பார்த்து வகுப்பு சிரிக்காமல் பார்த்துக்கொள்வது. பிறகு, எந்தப் பேனாவில் எழுதுவது என்பதை அவரிடமே விட்டுவிடுவது.

அந்தக் கேள்வியை யாரும் கேட்காதவரை, சேதராப்பட்டு பெண் தனக்கு மட்டும் பிரெஞ்சு வராது என்றே நம்பிக்கொண்டிருப்பாள். அதுதான் ஒரு மார்க்கைவிடப் பெரிய நஷ்டம்.