பிடிக்காத ஹான்ட் பிறேக்



யுத்தம் பல வீடுகளில் பெண்களைக் குடும்பத் தலைவிகள் ஆக்கியது. சில வீடுகளில் கணவனோ தகப்பனோ ஓடிய பழைய காரும் அவர்களுடைய பொறுப்புக்கு வந்தது. 1990களில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற கார்கள் இன்றும் சில வீட்டு முற்றங்களில் நிற்கின்றன. இடப்பெயர்வுக் காலத்தில் வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்தவையும் அவற்றுள் உண்டு. அத்தகைய காரில் முதலில் பழுதடைவதும், கடைசியாகவே எமது கண்ணில் படுவதும் ஹான்ட் பிறேக்தான்.

ஏன் கண்ணில் படுவதில்லை? யாழ்ப்பாணம் சமதரை. ஹான்ட் பிறேக் பிடிக்காவிட்டாலும் கார் நின்ற இடத்திலேயே நிற்கும். அதே காரை ஒரு குளக்கட்டுச் சரிவிலோ கண்டி வீதி ஏற்றத்திலோ நிறுத்தும்போதுதான் உண்மை தெரியவரும். காருக்குப் பின்னால் பிள்ளைகள் விளையாடும் முற்றத்துக்கும் சிறு சரிவு போதும். ஆகவே இதை நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிவைக்கக் கூடாது.

அது வேலை செய்யும் விதம்

இந்தக் கார்களில் ஹான்ட் பிறேக் பின் சில்லுகள் இரண்டையும் மட்டுமே பிடிக்கும். பிடியை இழுத்தால் கம்பிக் கேபிள் இழுபடும். கேபிள், சில்லுக்குள் இருக்கும் டிறத்தின் உட்புறத்தில் பிறேக் சூக்களை விரித்து அழுத்தும். மொரிஸ் மைனரில் ஒவ்வொரு பின் சில்லுக்கும் தனித்தனிக் கேபிள் உண்டு. எனவே பழுது நான்கு இடங்களில் ஒன்றிலேயே இருக்கும்: பிடி, கேபிள், சூ, டிறம்.

அறிகுறியைப் பாருங்கள்

1. பிடி மிக உயரத்துக்கு வந்த பின்னரே பிடிக்கிறது: சூ தேய்ந்திருக்கலாம் அல்லது சூவுக்கும் டிறத்துக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். கேபிள் நீண்டிருக்கவும் கூடும்.

2. பிடி இறுக்கமாக நிற்கிறது, ஆனால் கார் உருள்கிறது: லைனிங்கில் ஒயில் பட்டிருக்கலாம். பின் அச்சின் ஒயில் சீல் அல்லது சில்லுச் சிலிண்டர் கசிந்தால் இப்படி நடக்கும். கேபிள் உறைக்குள் துருப்பிடித்து இறுகியிருந்தாலும் இழுப்பு சில்லுவரை போகாது.

3. பிடியை விட்டாலும் சில்லு இறுக்கமாகவே இருக்கிறது: துருப்பிடித்த கேபிள் திரும்பி வரவில்லை. சிறிது தூரம் ஓடிய பின் அந்தச் சில்லின் பக்கம் மட்டும் சூடாக இருந்தால் அதுவே காரணம்.

4. இழுத்த பிடி தானாகவே கீழே விழுகிறது: பிடியின் அடியிலுள்ள பற்கள் தேய்ந்துவிட்டன. இதனை மாற்றியே ஆகவேண்டும்.

பரிசோதிக்கும் முறை

சமதரையில் காரை நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டைகள் வையுங்கள். பின் பக்கத்தை ஜக்கால் உயர்த்தியதும் ஹான்ட் பிறேக் காரைப் பிடிக்க மாட்டாது. அந்தக் கட்டைகளே பிடிக்கும். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்குக் கீழே போக வேண்டாம். அச்சின் கீழ் உறுதியான தாங்கிகள் வைத்த பின்னரே கை வையுங்கள். பிள்ளைகளை அருகில் விட வேண்டாம்.

கியரை நியூட்ரலில் வைத்து, ஹான்ட் பிறேக்கை விட்டு, இரு பின் சில்லுகளையும் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டும் இலகுவாகச் சுழல வேண்டும். பின் பிடியை ஒவ்வொரு பல்லாக இழுத்துச் சுற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக இறுக வேண்டும். ஒன்று இறுகி மற்றது இலகுவாகச் சுழன்றால், பழுது அந்த இலகுவான பக்கத்தில்தான்.

சரிசெய்யும் ஒழுங்கு

முதலில் சூ, பிறகுதான் கேபிள். பலரும் செய்யும் தவறு, பிடியருகிலுள்ள நட்டை இறுக்கி வேலையை முடிப்பது. அப்போது சில நாட்களுக்கு பிறேக் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கேபிள் எப்போதும் இழுபட்ட நிலையில் இருப்பதால் சூக்கள் டிறத்தில் உரசிச் சூடாகி விரைவில் தேயும். பெற்றோலும் கூடச் செலவாகும்.

மொரிஸ் மைனரில் டிறத்திலுள்ள சிறு துவாரத்தினூடாக ஸ்குறூடிறைவரை விட்டு, சில்லு இறுகும்வரை சரிசெய்யும் ஆணியைத் திருப்ப வேண்டும். பின் சில்லு தடையின்றிச் சுழலும்வரை சிறிது பின்னே விட வேண்டும். இரு பக்கமும் செய்த பின்னரும் பிடி உயர வந்தால் மட்டும் கேபிள் நட்டை இறுக்குங்கள். பொதுவாக நான்கு, ஐந்து பற்களில் இறுகினால் போதும்.

ஒயில் பட்ட லைனிங்கைப் பெற்றோலில் கழுவிப் போட்டால் ஒயில் மீண்டும் ஊறும். முதலில் கசிவை அடைத்து, இரு பக்கச் சூக்களையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். டிறத்தைத் திறந்ததும் தூசியை வாயால் ஊதவோ காற்றடித்துத் துப்புரவாக்கவோ வேண்டாம். நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

கராஜுக்குப் போகும்போது

டிறத்தைத் திறக்கும் வேலையைத் தெரிந்த ஒருவரிடம் விடுவதில் வெட்கமில்லை. ஆனால் "பிறேக் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இடது பின் சில்லு இறுகுதில்லை. சூவையும் ஒயில் சீலையும் பாருங்கோ. கேபிளை மட்டும் இறுக்க வேண்டாம்" என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். பழுதைப் பெயர் சொல்லிக் கேட்கும் பெண்ணிடம் தேவையற்ற வேலைக்குக் காசு கேட்க எவரும் யோசிப்பர்.

திருத்தும்வரை காரைச் சரிவில் நிறுத்த வேண்டாம். நிறுத்த நேர்ந்தால், ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதலாம் கியரிலும், இறக்கத்தைப் பார்த்து நின்றால் பின்னோக்கும் கியரிலும் விட்டு, சில்லுக்கு ஒரு கட்டை வையுங்கள். அந்தக் கட்டை எப்போதும் காருக்குள்ளேயே இருக்கட்டும்.

அடுத்த இதழில் பற்றரி பராமரிப்புப் பற்றிப் பார்ப்போம்.