பணம் எல்லை தாண்டுகிறது, பெண் மாட்டிக்கொள்கிறாள்



வெளிநாட்டு வாடகைத்தாய் ஏற்பாடு பற்றிப் பேச்சு வந்தாலே, "அவங்களுக்குக் குழந்தை, இவங்களுக்குப் பணம், ரெண்டு பேருக்கும் லாபம்தானே சார்?" என்கிறீர்கள். பல வருடம் சமூக அறிவியல் நடத்திய உரிமையில் சொல்கிறேன், உலக வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

2014-ல் நேபாளம் வெளிநாட்டுத் தம்பதிகளுக்கு இதை அனுமதித்தது. ஆனால் சுமக்கும் பெண் நேபாளியாக இருக்கக் கூடாது. தன் வீட்டுப் பெண்ணுக்கு ஆகாது, அடுத்த வீட்டுப் பெண் என்றால் பரவாயில்லை! அதனால் இந்தியப் பெண்கள் காத்மாண்டுவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 2015 ஏப்ரல் 25-ல் நிலநடுக்கம் வந்தது. இஸ்ரேலியப் பெற்றோருக்காகப் பிறந்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளை அந்த நாடு விமானத்தில் பத்திரமாகக் கொண்டுபோனது. நல்ல காரியம்தான். பெற்றவர்களுக்கு அந்த விமானத்தில் இடம் இல்லை.

2015-ல் தாய்லாந்து, நேபாளம், இந்தியா மூன்றும் வெளிநாட்டினருக்குக் கதவை மூடின. தொழில் நின்றதா? கம்போடியாவுக்குப் போனது. 2016-ல் அங்கும் தடை. அப்போதும் நிற்கவில்லை. 2018-ல் சீனத் தம்பதிகளுக்காகச் சுமந்த 32 கம்போடியப் பெண்கள் ஆள்கடத்தல் குற்றச்சாட்டில் கைதானார்கள். பிறக்கும் குழந்தையைத் தாங்களே வளர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வெளியே விட்டார்கள். 2024 டிசம்பரில் பிலிப்பைன்ஸிலிருந்து கொண்டுவரப்பட்ட 13 கர்ப்பிணிகளுக்கு நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை. அரசர் மன்னித்த பிறகே ஊர் திரும்பினார்கள்.

பணம் எல்லை தாண்டியது, கரு எல்லை தாண்டியது, ஏஜென்ட் அடுத்த நாட்டில் கடை விரித்தார். சிறைக்குப் போனவள் வயிற்றில் சுமந்தவள்.

"அவள் கையெழுத்துப் போட்டாளே" என்பீர்கள். குழந்தைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் கடனுக்கும் போட்ட கையெழுத்து அது. பாதியில் 'வேண்டாம், ஊருக்குப் போகிறேன்' என்று அவளால் சொல்ல முடியுமா? அதைத்தான் நான் அதிகாரம் என்கிறேன்.

குழந்தையில்லாத வேதனையை நான் குறைத்துப் பேசவில்லை. அதிலும் குத்துப்பேச்சு வாங்குவது பெண்தான் என்பது நம் உறவுக்குள்ளேயே தெரியும். ஆனால் ஒருத்தியின் கண்ணீரைத் துடைக்க இன்னொருத்தியைச் சிறைக்கு அனுப்பக் கூடாது.

தடை போடும் அரசுகள் ஏஜென்டையும் பணம் வாங்கிய மருத்துவமனையையும் முதலில் பிடிக்கட்டும், சுமந்தவளை விடட்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் யாராவது இந்த யோசனையில் இருந்தால், விலை கேட்கும் முன் ஒன்று கேளுங்கள்: நாளை சட்டம் மாறினால் அந்தப் பெண்ணுக்கு யார் பொறுப்பு?

மறுத்து எழுதுங்கள், படிக்கிறேன். கம்போடியாவுக்குப் பதில் சொல்லிவிட்டு எழுதுங்கள்.